கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு

நொத்தாரிசரின் சந்தேகத்துக்கு ஆளாகாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்கூடக் கிடையாது. பால்காரர், பல் வைத்தியர், பங்குத்தந்தை, தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண் எல்லோருமே அவர் பார்வையில் எதையோ மறைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடிக்குள் தெரிகிற ஆளைக்கூட ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பார். அந்த ஆள் முதலில் சிரித்தால் இவர் பதிலுக்குச் சிரிக்கமாட்டார்.

அவர் உண்மையில் நொத்தாரிசு அல்ல. யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதுகிறவரை நொத்தாரிசு என்போம். உறுதி என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் பத்திரம் என்பார்கள். இவர் அப்படியொரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்து உறுதிகளைப் பிரதி பண்ணியவர். எத்தனை வருடம் என்று கேட்டால், "ஏன் கேக்கிறீர்?" என்பார். எப்படி ஆஸ்திரேலியா வந்தீர்கள் என்று கேட்டாலும் அதே பதில்தான். சிட்னியில் குளிர்சாதனப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் கதவுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. நல்லது என்று முத்திரை குத்தி அனுப்பிய பெட்டிகளையும் லொறிவரை துரத்திப் போய்த் திறந்து பார்த்ததற்காக இரண்டு தடவை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். அந்தக் கடிதங்களில் இருந்த கையெழுத்துகள் உண்மையானவைதானா என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் சிட்னிக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், பாலங்களுக்குப் படம் வரைகிற வேலை கிடைத்துவிட்டது. கொழும்பில் மனைவி சரோவும் நாலு வயது மகள் கௌரியும் விசாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு வீடு மட்டும்தான் பாக்கி. தொலைபேசியில் கேட்டால், "வீடு இருக்கிறது, வந்து பாருங்கள்" என்பார்கள். நேரில் போய் நின்றால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இப்போதுதான் போய்விட்டது" என்பார்கள். ஒரே வீடு மூன்று சனிக்கிழமைகள் தொடர்ந்து இப்போதுதான் போனது. அந்தக் காலத்தில் வாடகைக்கு இருப்பவருக்குச் சட்டத்தில் கிடைத்த இடம், கோழிக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூட. அதிலும் என்னைப் போன்ற நிறத்தில் இருந்தால் அந்தக் கொஞ்சமும் குறையும்.

அப்போதுதான் கந்தோரில் ஒருவர் சிட்னியின் புறநகரான டூங்கபியில் தனியாக இருக்கிற ஒரு தமிழரைப் பற்றிச் சொன்னார். வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறதாம். விலாசத்தைக் கொடுத்துவிட்டு, "கவனம்" என்று மட்டும் சொன்னார். ரயில் ஏறிப் போனேன். கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பழைய தகட்டுச் சுவர் வீடு. தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலி கழற்றப்படவில்லை. இடைவெளியில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"ஆர் அனுப்பினது?"

"எங்கட கந்தோரிலை ஒருத்தர் சொன்னவர், இஞ்சை ஒரு அறை இருக்கெண்டு."

"அதிலை அவருக்கு என்ன லாபம்?"

நான் விலாசம் எழுதிய துண்டை இடைவெளியில் நீட்டினேன்.

"எந்த ஊர்?"

"சாவகச்சேரிப் பக்கம்."

"பக்கமெண்டா? கிழக்கோ, மேற்கோ, வடக்கோ, தெற்கோ?"

"மேற்கு. கைதடி."

"அப்ப நேரா கைதடி எண்டு சொல்லலாமே. ஏன் ஒளிக்கிறீர்?"

வெயிலில் அரை மணித்தியாலம் நின்றேன். அப்பாவின் பெயர், அம்மாவின் ஊர், எங்கள் வீட்டுக்குப் பின்வேலி யாருடையது, அந்த வேலியில் எப்போதாவது பிரச்சினை வந்ததா என்றெல்லாம் கேட்டார். மனைவி பெயரையும் மகள் பெயரையும் வயதையும் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். கடைசியில் சங்கிலி கழன்றது. குசினியில் கதிரை ஒன்றைக் காட்டி இருக்கச் சொன்னார். தேத்தண்ணீர் போட்டு இரண்டு கோப்பையில் ஊற்றினார். நான் ஒரு மிடறு குடித்து உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகுதான் தன் கோப்பையைத் தொட்டார். அவரே போட்ட தேத்தண்ணீர்தான் அது.

வீட்டில் இரண்டு அறைகள், பின்னால் அடைத்த விறாந்தை ஒன்று. கிழக்கு அறை அவருடையது. பெரிய யன்னல், காலை வெயில், எலுமிச்சை மரம், எல்லாச் சௌகரியமும் அந்தப் பக்கம். எனக்குக் கிடைத்தது மேற்கு அறை. பின்னேரத்தில் அது அடுப்பு. காற்றடித்தால் கோழிப்பண்ணை முழுவதும் உள்ளே வந்துவிடும். இதற்குள் சரோவையும் பிள்ளையையும் எப்படி வைத்திருப்பது என்று கவலையாகத்தான் இருந்தது. ஆனால் இப்போதுதான் போகாத வீடு அது ஒன்றுதான். அடுத்த நாளே பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

சேர்ந்த மறுநாள் அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை இழுத்தார். உள்ளே அந்த வாடகை வீட்டுக்கு அவரே எழுதிய உறுதி. சும்மா வாடகை ஒப்பந்தம் இல்லை, அசல் யாழ்ப்பாணத்துக் காணி உறுதி, ஆங்கிலத்தில். நாலு பரப்புச் சொச்சம் நிலம். அதற்கெல்லை கிழக்கு தெருவும், வடக்கு வீட்டுக்காரரின் வீடும் கோழிகளும், மேற்கு கால்வாயும், தெற்கு பெயர் சொல்ல மறுத்த அயலவர் காணியும். எலுமிச்சை மரம் ஒன்று, காய்க்கும். எந்தச் சுவரில் எத்தனை ஆணி, குளியலறைத் தொட்டியில் எந்த மூலை உடைந்தது, குசினிச் சுவரின் வெடிப்பு எத்தனை சாண், எந்த இடத்தில் வளைகிறது எல்லாம் அதில் இருந்தன. வீட்டை விட்டு எழும்பச் சொல்வதென்றால் மூன்று மாதத்துக்கு முன்னர், எழுத்தில், பகல் வெளிச்சத்தில், இரு பகுதியாருக்கும் உறவில்லாத இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையில் கொடுக்கவேண்டும் என்றிருந்தது. அதன் கீழே, கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கான வழி வாய்க்கால் உரிமையும்.

"அண்ணை, இஞ்சை கிணறு இல்லையே?"

"இல்லை. ஆனா வெட்டினா?"

"குழாய்த் தண்ணி வருது. ஆர் இனிமேல் கிணறு வெட்டப்போறான்?"

"வெட்டின பிறகு பங்கு கேட்டா ஒருத்தனும் தரான் ஐசே. வெட்ட முதல் எழுதிப்போடவேணும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்காரர் அதில் கையெழுத்து வைத்திருந்தார் என்பதுதான். அவர் பெயர் சார்லி. மால்டாவிலிருந்து வந்தவர். அடுத்த வளவில் கோழி வளர்த்தார். அவருடைய ஆங்கிலத்தை இங்கே உள்ளபடி தந்தால் அச்சுக்கோப்பவர் பிழை என்று திருத்திவிடுவார். ஆகவே தமிழிலேயே தருகிறேன். மால்டாவும் எங்கள் ஊரைப் போல ஆறு இல்லாத இடமாம். கிணறு என்றால் சார்லிக்கு விளையாட்டு இல்லை. நொத்தாரிசர் முதலில் அரைப் பங்கு எழுதியிருக்கிறார். சார்லி விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்து வந்து அந்த இடத்தில் நிறுத்தி, "பாதி தரமாட்டேன்" என்று எழும்பிப் போய்விட்டாராம். இரண்டு கிழமை வேலிக்கு மேலால் பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது. இல்லாத கிணற்றில் மூன்றில் ஒன்றுக்கு இருவரும் சம்மதித்த பிறகுதான் கையெழுத்து. சாட்சி வைத்தவர்கள் தபால்காரரும் ரொட்டி கொண்டுவருகிற பாண்காரரும்.

சார்லிக்கும் எங்கள்மேல் நல்ல சந்தேகம் இருந்தது. எங்கள் குசினியிலிருந்து கறி மணம் போன நாளெல்லாம் வெளியே வந்து கோழிகளை எண்ணிப் பார்ப்பார். எண்ணி முடித்த பிறகும் திருப்தி இல்லாமல் எங்கள் குப்பைத் தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை எங்கள் வாசலில் ஒரு பை தக்காளியை வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம். நொத்தாரிசர் பையைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"ஏன் தாறான்?"

"விளைஞ்சது கூடிப்போயிருக்கும் அண்ணை."

"கூடினா விப்பானே. எங்களிட்டை என்னத்தையோ எதிர்பாக்கிறான். ஒருத்தரும் தொடவேண்டாம்."

பிறகு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். எமது உரிமைகளுக்கு எவ்விதப் பங்கமுமின்றி, தக்காளி ஏழு, அதில் ஒன்று நசுங்கியது, இன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. அதைக் கொண்டுபோய்ச் சார்லியின் தபால்பெட்டியில் போட்டார். கடிதம் கிடைத்த சார்லி கலங்கிப்போய் அதைத் தன் பங்குத்தந்தையிடம் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அவர் வாசித்துவிட்டு, "தக்காளிக்கு நன்றி சொல்கிறான்" என்றாராம். சார்லி நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை தக்காளி எட்டும், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வைக்க ஒரு பற்றுச்சீட்டும் வந்தன. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தக்காளி வரும், பற்றுச்சீட்டு போகும். பதிலுக்கு எலுமிச்சங்காய் போகும், பற்றுச்சீட்டு வரும். நொத்தாரிசர் எல்லாவற்றையும் திகதிப்படி அடுக்கிக் கட்டி வைத்திருந்தார். நான் அவரிடம் கத்தரிக்கோல் கடன் வாங்கினாலும் கையெழுத்து வைக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலி அளக்கும் நாள். எங்கள் ஊரில் வேலி தள்ளிய வழக்குகளிலேயே நொத்தாரிசர் வளர்ந்தவர். வருடத்துக்கு ஒரு விரல் தள்ளினாலும் ஒரு பரம்பரைக்குள் அறை ஒன்று கட்டலாம் என்பது அவர் கணக்கு. ஊரிலிருந்து கொண்டுவந்த முடிச்சுக் கயிற்றோடு வீட்டு மூலையிலிருந்து வேலிவரை அளப்பார். அந்தப் பக்கத்தில் சார்லி தன் இரும்பு நாடாவோடு தன் மூலையிலிருந்து அளந்துகொண்டிருப்பார். வீடும் சார்லியுடையது, வேலியும் சார்லியுடையது, இரண்டு பக்க நிலமும் சார்லியுடையது. இதை ஒருநாள் எடுத்துச் சொன்னேன். "உமக்குக் காணி வழக்குத் தெரியாது" என்று முடித்துவிட்டார்.

ஒரு மழை ஞாயிறு. நொத்தாரிசர் கயிற்றோடு ஓடிவந்தார், முகம் வெளிறிப்போய்.

"தம்பி, வேலி நாலு விரல் அரக்கியிருக்கு."

"எங்கட பக்கமோ?"

"இல்லை, அவன்ர பக்கம். எங்களுக்கு நாலு விரல் கூட."

"அப்ப நல்லதுதானே."

"நல்லதோ? உமக்குப் புத்தி இருக்கோ? தானே தள்ளிப்போட்டு, நாளைக்கு நாங்கள் பிடிச்சதெண்டு வழக்கு வைக்கப்போறான்!"

நான் போய்ப் பார்த்தேன். கயிறு நனைந்து சுருங்கியிருந்தது. சுருங்கின கயிற்றால் அளந்தால் நிலம் கூடத்தானே செய்யும். விளக்கிச் சொன்னேன். நொத்தாரிசர் கயிற்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருடம் கூடவே இருந்த கயிறு.

"அப்ப இதையும் நம்பேலாது" என்றார்.

இப்படியே எல்லாம் சிரிப்பும் கயிறுமாகப் போய்க்கொண்டிருக்க, சரோவுக்கும் கௌரிக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்தக் கிழமையே சார்லி கோழிக்கூட்டு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மகள் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். சனிக்கிழமை தக்காளி வரவில்லை. அதற்குப் பதிலாகச் சார்லியின் மருமகன் வந்தான், டை கட்டிக்கொண்டு, கையில் ஒரு தாளோடு. வீடும் பண்ணையும் விற்கப்போகிறார்களாம். ஏழு நாளில் எழும்பவேண்டும். அத்தோடு நிற்காமல் வீட்டுக்குள் நடந்து, குசினிச் சுவர் வெடித்திருக்கிறது, குளிக்கிற தொட்டி உடைந்திருக்கிறது, எல்லாம் நீங்கள் செய்த சேதம், முற்பணமும் திரும்பாது என்றான்.

"எழுத்தில் உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டான்.

நான் நொத்தாரிசரைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒன்றும் இல்லை" என்றார்.

அவன் போன பிறகு எனக்குத் தலை வெடித்தது. "அண்ணை, உறுதி இருக்குத்தானே? ஏன் இல்லையெண்டனீங்கள்?"

"எதிராளிக்கு உறுதியைக் காட்டுறதோ? பாத்துப்போட்டு அதுக்கேத்த மாதிரி கதை மாத்துவான்."

"அப்ப ஆருக்குத்தான் காட்டப்போறியள்?"

அவர் பிஸ்கட் தகரத்தைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார். விமானம் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நாடு விட்டு நாடு வருகிற நாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போக எனக்கு ஓர் இடமும் இல்லை.

கந்தோரில் விசாரித்ததில், நூலகத்துக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இலவச ஆலோசனை கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. நொத்தாரிசரைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன். பிஸ்கட் தகரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"இலவசமோ?" என்று வழியெல்லாம் கேட்டார்.

"ஓம் அண்ணை."

"அப்ப ஆரோ பின்னாலை நிண்டு காசு குடுக்கினம். அது ஆரெண்டு தெரியாமல் நாங்கள் வாய் திறக்கப்படாது. வீட்டுக்காரர் சங்கமாயிருந்தா?"

மேசைக்கு அந்தப் பக்கம் ஜூடி என்றொரு பெண் இருந்தாள். சட்டம் படிக்கிறவள், கையால் பின்னிய கம்பளிச் சட்டை, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். கிழிந்த ஜீன்ஸைக் கண்டதும் நொத்தாரிசர் என் காதில், "மாறுவேசம்" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அவளும் கேட்டாள். நொத்தாரிசர் தகரத்தைத் திறக்குமுன் பற்றுச்சீட்டு ஒன்றை நீட்டினார்: பார்வைக்காக மட்டும், தாள்கள் ஐந்து, கொண்டுபோகக் கூடாது. பாவம், அவள் சிரிக்காமல் கையெழுத்து வைத்தாள். அவர் முதல் தாளை எடுத்து மேசையில் வைத்து, மேல் பாதியைத் தவிர மீதியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அவள் வாசிக்க வாசிக்க அவர் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்தினார். எல்லை, ஆணிகள், தொட்டி மூலை, குசினி வெடிப்பு. ஜூடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதை வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா? கையெழுத்து எங்கே?" நாலாம் தாளில் இருந்தது. மூன்று மாத வசனத்தை அவள் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு, எனக்கும் அவர் காட்டியிராத ஐந்தாம் தாளுக்குக் கையை நீட்டினாள். நொத்தாரிசர் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டார்.

"அது தேவையில்லை."

"முழுவதையும் பார்க்காமல் நான் கடிதம் எழுதமுடியாது" என்றாள் அவள்.

"அது வேறு விஷயம்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தமிழில் கத்தினேன். "அண்ணை, சரோவும் பிள்ளையும் வந்து இறங்கினா நான் எங்கை கொண்டுபோறது? ஸ்ரேசன் வாங்கிலையோ படுக்க வைக்கிறது? ஒரு மனிசரை எண்டாலும் நம்பி வாழத் தெரியாதோ உங்களுக்கு? உங்களோடை வந்து சேர்ந்தது என்ர பிழை."

சொல்லியிருக்கக் கூடாதுதான். நொத்தாரிசர் சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து விரித்து அவள் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை கையால் மூடவில்லை. பற்றுச்சீட்டும் கேட்கவில்லை.

ஜூடி உரத்து வாசித்தாள். அது உறுதிக்கு ஓர் இணைப்பு. நான் பெட்டியோடு வந்து சேர்ந்த அன்றைய திகதி. மேற்படி வீட்டில் வசிக்க உரித்துடையோர் என்று தொடங்கி என் பெயர். மனைவி சரோஜினி, மகள் கௌரி, வயது நாலு, தற்சமயம் இலங்கையில். இவர்கள் வந்து சேரும் நாள் தொடக்கம் கிழக்கு அறை, அதன் யன்னலோடும் காலை வெயிலோடும், இவர்களுக்கு உரியது. இதுவரை அவ்வறையில் இருந்தவர் பின் விறாந்தைக்கு மாறவேண்டியது. கிணறு வெட்டப்படும் பட்சத்தில் மேற்படி மூன்றில் ஒரு பங்கில் சரிபாதி அச்சிறுமிக்குச் சேரும். கீழே சார்லியின் கையெழுத்து, தபால்காரர், பாண்காரர்.

கதவுச் சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தபோதே என் பிள்ளைக்குத் தன் அறையை எழுதி வைக்க முடிவெடுத்திருக்கிறார் மனிதர். அவர் எங்களைப் பார்க்காமல் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிலைமை மாறினா மாத்தலாமெண்டு எழுதினது" என்றார். பிறகு, "ஏன் இவ இவ்வளவு சத்தமா வாசிக்கிறா?" என்றார்.

ஜூடி அன்றே மருமகனுக்குக் கடிதம் எழுதினாள். அவன் உடனே, இது போலி, பைத்தியக்காரன் எழுதின தாள், இல்லாத கிணறு எல்லாம் இதில் இருக்கிறது, என் மாமா இதில் கையெழுத்து வைத்தேயிருக்கமாட்டார் என்று திருப்பி எழுதினான். அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் மகள் வீட்டில் சார்லியின் முன்னால் போய் உட்கார்ந்தோம். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுச் சார்லி வாசிக்கத் தொடங்கினார். தேநீர் வந்து ஆறியது. மருமகன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். என் குடும்பம் எங்கே படுக்கப்போகிறது என்பது அந்த விரலின் வேகத்தில் இருந்தது.

விரல் கிணற்றில் வந்து நின்றது.

"பார்த்தீர்களா மாமா?" என்றான் மருமகன். "அந்த நிலத்தில் கிணறே இல்லை."

சார்லி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "இல்லை. ஆனால் வெட்டினால்?"

நொத்தாரிசர் மெல்லத் தலையசைத்தார்.

"இந்தக் கள்ளன் பாதி கேட்டான்" என்று சார்லி எங்களுக்கு விளக்கினார். "இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் யோசித்து மூன்றில் ஒன்று கொடுத்தேன். இது என் கையெழுத்துத்தான். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். வெடிப்பும் என்னுடைய வெடிப்புத்தான்." பிறகு நொத்தாரிசர் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "வேலி?" என்றார்.

"அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அளந்தேன்."

"என் பக்கம்?"

நொத்தாரிசர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துக் கொடுத்தார். சார்லி இல்லாத ஞாயிறு அவருடைய பக்கத்தையும் அளந்து எழுதியிருந்தார். சார்லி அதை வாசித்து, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்தார். மருமகன் டையைத் தளர்த்திக்கொண்டு வெளியே போனான்.

குறித்த நாளில் விமானம் வந்தது. சரோவையும் கௌரியையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டு டூங்கபிக்குப் போனேன். கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலி கழற்றப்படவில்லை.

"பேர்?"

"சரோஜினி, அண்ணை" என்றாள் சரோ பயந்துபோய்.

கண் கீழே இறங்கியது. "பிள்ளையின்ர பேர்?"

கௌரி அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தாள். "முதல் நீங்கள் ஆரெண்டு சொல்லுங்கோ" என்றாள்.

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நொத்தாரிசர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கெட்டிக்காரி. அப்பிடித்தான் கேக்கவேணும்" என்றபடி சங்கிலியைக் கழற்றினார். கிழக்கு அறை கூட்டித் துடைத்துக் கிடந்தது. அவருடைய பெட்டியும் கட்டிலும் பின் விறாந்தைக்குப் போயிருந்தன.

சார்லி இருக்கும்வரை அந்த நிலத்தை விற்க விடவில்லை. நாங்கள் இரண்டு வருடம் அங்கே இருந்தோம். இப்போது இந்த ஊரில் வாடகைக்கு வீடு எடுத்தால் ஒரு படிவம் தருகிறார்கள். எந்தச் சுவரில் எந்த வெடிப்பு, எந்தத் தொட்டியில் எந்தக் கீறல் என்று இரண்டு பகுதியும் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். முற்பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுப்பதில்லை, அரசாங்கம் வைத்திருக்கிறது. முதல் தடவை அந்தப் படிவம் என் கைக்கு வந்தபோது அப்படியும் இப்படியும் புரட்டினேன். எல்லாம் இருந்தது. கிணற்றுக்கு மட்டும் கட்டம் இல்லை.

நாங்கள் சொந்த வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நொத்தாரிசர் பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்ளே உறுதி, ஐந்து தாளும். "பிள்ளையின்ர பங்கு இதுக்குள்ளை கிடக்கு. கவனமா வைச்சிரும்" என்றார். பழக்கதோஷத்தில் நான் பற்றுச்சீட்டு எழுதச் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உமக்கென்ன விசரே? உம்மட்டை ஏன் நான் கையெழுத்து வாங்கவேணும்?" என்றார்.